பேறுகாலத்துக்கு வந்த பிள்ளைகள்



எங்கள் வீட்டு மாதக் காலண்டரில் பால் கணக்கு, சிலிண்டர் வந்த தேதி இவற்றோடு பறவைக் கணக்கும் இருக்கும். பத்தாவது வரை படித்த எனக்கு இது ஒரு பழக்கம். போன வருஷக் காலண்டரைக் கழற்றும்போது எல்லா மாதத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தேன்.

நான் வாழ்க்கைப்பட்ட ஊர் நெல்லை மாவட்டம் கூந்தன்குளம். 1994-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த செய்தியும் வந்தது. எங்கள் ஊரில் பறவைகள் குளத்தோடு நிற்பதில்லை. தெரு மரங்களிலும் வீட்டு மரங்களிலும் கூடு கட்டும்!

தை மாதம் குளம் நிறைந்து கிடந்தது. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளைத் தினமும் கரையில் நின்று எண்ணினேன். மாசியில் எங்கள் கொல்லை வேப்பமரத்தில் மஞ்சள் மூக்கு நாரைகள் ஏழு கூடு கட்டிவிட்டன.

அங்கேதான் வந்தது வினை. பிளஸ் டூ படிக்கும் மகளுக்கு அந்த இடத்தில் ஓர் அறை கட்டுவதாக இருந்தோம். கொத்தனாரும் வந்துவிட்டார். "மரத்தை வெட்டினால்தான் அஸ்திவாரம் தோண்ட முடியும்" என்றார். இவர் யோசித்தார். அத்தைதான் வாசலுக்கு வந்து, "பேறுகாலத்துக்கு வந்த பிள்ளைகள யாராவது வெளிய தள்ளுவாளா?" என்று கேட்டார்கள். அதற்குமேல் யாரும் பேசவில்லை. மேற்கே தொழுவத்தை ஒதுக்கி அறை கட்டினோம். சின்ன அறைதான். மகளுக்கு ஒரு மாதம் வருத்தம்.

பங்குனி, சித்திரை வெயிலில் நாரைகளைப் பார்க்க வேண்டுமே! குஞ்சுகளுக்கு வெயில் படாமல் இறக்கையை விரித்துக் குடை பிடித்து நிற்கும். தாயும் தகப்பனும் மாறி மாறி நிற்கும். அதைப் பார்த்த பிறகுதான் மகளின் கோபம் தணிந்தது. கீழே விழுந்த குஞ்சு ஒன்றை அவளே துணியில் எடுத்துப்போய், ஊரில் குஞ்சுகளை வைத்துப் பராமரிக்கும் கூண்டில் சேர்த்தாள்.

தொல்லை இல்லாமல் இல்லை. கொல்லையெல்லாம் மீன் வாடை. காயப்போட்ட துணியில் எச்சம். வடாம் போட்டால் மேலே பழைய வேட்டியைக் கட்டிவிடுவேன். ஆனால் அந்த எச்சம் கலந்த வண்டலைத்தான் வயலுக்கு உரமாகப் போடுகிறோம்.

ஆனியில் குஞ்சுகள் பறந்துவிட்டன. ஆடிக் காற்றில் வெறும் கூடுகள் சரிந்து விழுந்தன. வீடே வெறிச்சோடிப்போனது. தீபாவளிக்கு வழக்கம்போல ஊரில் வெடிச்சத்தம் இல்லை. பிள்ளைகளுக்குப் புதுத்துணியும் அதிரசமும்தான்.

சகோதரிகளே, மழை பெய்து குளம் நிறைந்தால்தான் எங்களுக்கு நெல், அவற்றுக்கு மீன். இரண்டு பேருக்கும் ஒரே தண்ணீர்தான். தைக்கும் சித்திரைக்கும் நடுவில் குடும்பத்தோடு வாருங்கள். ஊருக்குள் நுழைந்ததும் ஹாரன் அடிக்க வேண்டாம், பாட்டுப் போட வேண்டாம். பிள்ளை பெற்ற வீடு அல்லவா!

– ஒரு வாசகி, கூந்தன்குளம்.