சமூகவியல் மேற்படிப்பும் கிராமத்துத் தெருவும்

மண்ணை ஆராய்வதற்குச் சாஸ்திரம் உண்டு. மழையை அளப்பதற்கும் சாஸ்திரம் உண்டு. அம்மண்ணில் வாழும் ஜனங்கள் எவ்வாறு கூடி வாழ்கிறார்கள், எதனால் பிரிந்து நிற்கிறார்கள், யார் கை ஓங்கியிருக்கிறது, யார் தலை தாழ்ந்திருக்கிறது என்பவற்றை முறையாக ஆராய்வதற்கும் ஒரு சாஸ்திரம் உண்டு. அதற்குச் சமூகவியல் என்று பெயர். தேச சேவை செய்ய விரும்பும் எவரும் அலட்சியம் செய்யத் தகாத கல்வி இது. ஆயினும், நம் சர்வகலாசாலைகளில் இதனை எம்.ஏ. வகுப்பில் எடுத்துக்கொள்பவர்களில் பலர், வேறு பாடத்தில் இடம் கிடைக்காததால் வந்தவர்கள். இன்னும் பலர், ஐ.ஏ.எஸ். பரீட்சைக்கு இது உதவும் என்று கருதி வந்தவர்கள். வந்த காரணம் எதுவாயினும் குற்றமில்லை. வந்தபின் அவர்கள் கற்பது என்ன என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

பி.ஏ. வகுப்பில் மாணவர், மார்க்ஸ் என்ன சொன்னார், துர்க்கைம் என்ன சொன்னார், வேபர் என்ன சொன்னார் என்று படிக்கிறார். அது அவசியமே. எம்.ஏ. வகுப்பிலும் அதையே இன்னும் தடித்த புஸ்தகங்களில் படித்து, குறிப்புகளை உருப்போட்டு எழுதித் தேறுவாரானால், மேற்படிப்பில் மேல் என்பது எங்கே இருக்கிறது? பிறர் கண்டதைக் கற்பது முதற் படி. ஓர் ஊரையோ, ஒரு தெருவையோ, ஒரு தொழிலாளர் கூட்டத்தையோ தாமே சென்று கண்டு, கற்றதை அங்கே உரைத்துப் பார்ப்பது அடுத்த படி. இந்த இரண்டாம் படியில் கால் வையாதவருக்கு அளிக்கும் பட்டம் வெறுங் காகிதமே.

இது புதுக் கருத்தன்று. நம் நாட்டில் இப்படிப்பு வேரூன்றியதே இவ்வழியில்தான். 1919-ல் பம்பாய் சர்வகலாசாலையில் சமூகவியல் துறையைத் தொடங்கியவர் பாட்ரிக் கெட்டிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர். ஒரு நகரத்தைத் திருத்த விரும்புகிறவன் முதலில் அதன் தெருக்களில் நடக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பம்பாய்ப் பதவிக்கு முன்பே, 1915-ல், சென்னை மாகாணத்து நகரங்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதியவர் அவர். 1924-ல் அவருக்குப் பின் துறையின் தலைமையை ஏற்ற ஜி. எஸ். குர்யே, மாணவர்களை ஆராய்ச்சிக் கட்டுரை எழுதச் செய்தே பட்டத்துக்கு ஆளாக்கினார். அவ்வாறு அவரிடம் பயின்ற ஏ. ஆர். தேசாயின் ஆராய்ச்சிதான், இந்திய தேசியத்தின் சமூகப் பின்னணியை விளக்கும் நூலாக 1948-ல் வெளிவந்தது.

சென்னையும் இதில் பின்தங்கியிருக்கவில்லை. 1915-ல் சென்னை சர்வகலாசாலைக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களிடம் கேள்வித் தாளைக் கொடுத்து, விடுமுறையில் கிராமங்களுக்குச் சென்று நிலம், கூலி, கடன், வீடு, உணவு ஆகியவற்றை விசாரித்து எழுதும்படி ஏவினார். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டான் முதலிய ஊர்களைப் பற்றிய அவ்விவரங்கள் 1918-ல் நூலாயின. பின்னர் இதே ஊர்களை மறுபடி விசாரித்த நூல் ஒன்று 1940-ல் வந்தது. இருவேல்பட்டு 2008 வரை மீண்டும் மீண்டும் ஆராயப்பட்டது. ஒரே ஊரின் தொண்ணூறு வருஷ மாறுதலை இன்று நாம் அறிய முடிகிறதென்றால், அன்று மாணவர் சிலர் தங்கள் விடுமுறையைச் செலவிட்டதே அதற்கு மூலகாரணம்.

நேரில் சென்று காண்பதன் பயன் விவரம் சேர்ப்பது மட்டுமன்று. 1948-ல் மைசூர்ச் சீமையில் ராம்புரா என்னும் கிராமத்தில் தங்கி ஆராய்ந்தார் எம். என். ஸ்ரீநிவாஸ். பல வருஷங்கள் உழைத்துத் தொகுத்த குறிப்புகள் 1970-ல் அமெரிக்காவில் தீக்கிரையாயின. அவர் மனம் தளராமல், நினைவில் நின்றவற்றைக் கொண்டே அக்கிராமத்தைப் பற்றி எழுதினார். 1976-ல் வெளிவந்த அந்நூல் இன்றும் போற்றப்படுகிறது. தாள்கள் எரிந்தன, வாழ்ந்து பெற்ற அறிவு எரியவில்லை. உருப்போட்ட பாடத்துக்கு இந்தத் திடம் ஏது?

ஆனால், ஊருக்குப் போனால் மட்டும் உண்மை கைகூடி விடுமா? போகிறவர் எந்தத் திண்ணையில் உட்காருகிறார் என்பதும் முக்கியம். ஆந்த்ரே பெத்தேய் 1961, 1962-ம் வருஷங்களில் தஞ்சை ஜில்லாவின் ஒரு கிராமத்தை ஆராய்ந்து, அதற்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயரிட்டு, ஜாதி, வர்க்கம், அதிகாரம் ஆகிய மூன்றையும் பற்றி 1965-ல் நூல் வெளியிட்டார். அவர் தங்கியது அக்கிரகாரத்து வீட்டில். அதனால் மற்றத் தெருக்காரர்களிடம் அதே அளவு நெருங்கிப் பழக இயலவில்லை என்பதை அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அந்த நேர்மையும் இக்கல்வியின் ஒரு பகுதியே.

மறுபுறம், 1916 மே மாதம் கொலம்பியா சர்வகலாசாலையின் மானிடவியல் வகுப்பில், இந்திய ஜாதிகளின் தோற்றத்தைப் பற்றி ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டது. வாசித்தவர் இருபத்தைந்து வயது மாணவரான அம்பேத்கர். ஜாதிக்குள்ளேயே மணம் என்னும் கட்டுப்பாடுதான் ஜாதியின் உயிர்நிலை என்றும், உடன்கட்டை, விதவைக் கோலம், குழந்தை மணம் ஆகியவை அக்கட்டுப்பாட்டைக் காக்க எழுந்த வழிகள் என்றும் அவர் வாதித்தார். ஜாதியின் கொடுமையை அனுபவித்தவர், அதனைச் சாஸ்திர முறையில் பிரித்துக் காட்டினார். சேரியிலிருந்தும், குடியானவர் தெருவிலிருந்தும், மீனவர் குப்பத்திலிருந்தும் மாணவர்கள் இவ்வகுப்புக்கு வருவது அவர்களுக்குச் செய்யும் உபகாரமன்று. அவர்கள் வராவிடில் சாஸ்திரமே ஒற்றைக் கண்ணாகிவிடும்.

பாஷையின் விஷயமும் உண்டு. ஆராயப்படும் ஜனங்கள் தமிழில் பேசுகிறார்கள். மாணவர் படிக்கும் நூல்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. நடுவில் நழுவிப் போவது எவ்வளவு! ஒரு பெண்ணுக்கு அத்தை மகன் மணக்கும் முறையுள்ளவன். சித்தப்பா மகன் உடன்பிறந்தான். ஆங்கிலத்திலோ இருவருக்கும் ஒரே சொல்தான். 1949, 1950-ம் வருஷங்களில் மதுரைப் பக்கத்தில் பிரமலைக் கள்ளரிடையே ஆராய்ச்சி செய்த பிரெஞ்சுக்காரர் லூயி துய்மோன், நம் உறவுச் சொற்களை உற்று நோக்கி, தலைமுறைதோறும் தொடரும் மண உறவின் அமைப்பை உலகுக்கு விளக்கினார். அந்நியர் கவனித்த நம் சொற்களை நம் மாணவர்கள் ஆங்கிலத்தில் கரைத்துவிடலாமா? வாரம், குத்தகை, பங்காளி, சம்பந்தி, மொய் என்பவற்றை அப்படியே எழுதி, அவ்வூரில் அவை குறிக்கும் பொருளை விளக்குவதே ஆராய்ச்சி.

இவற்றையெல்லாம் இன்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. எம்.பில். பட்டம் சர்வகலாசாலை மானியக் குழுவின் 2022-ம் வருஷத்து விதிகளால் நீங்கியது. நான்கு வருஷப் பட்டப் படிப்பு முடித்தோர் ஒரே வருஷத்தில் எம்.ஏ. முடிக்கவும் 2020-ம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கை வழி வகுத்தது. காலம் சுருங்கும்போது வெட்டுண்பது பரீட்சையாக இராது. நேர் ஆராய்ச்சியாகவே இருக்கும் என்று அஞ்சுகிறோம். மற்றொரு புறம், எல்லா ஜாதிகளையும் எண்ணி இந்தியா முழுவதற்கும் கணக்கு வெளியிட்டது 1931-ல்தான் கடைசி. அடுத்த ஜனத்தொகைக் கணக்கில் ஜாதியும் சேரும் என்று 2025 ஏப்ரலில் அரசாங்கம் அறிவித்தது. எண்கள் மலைபோல் குவியும். அவை ஒவ்வொன்றின் பின்னாலும் உள்ள வாழ்க்கையை எடுத்துச் சொல்ல வல்லவர்கள் இல்லையேல், அவ்வெண்கள் மேடைப் பேச்சுக்கே இரையாகும்.

ஆகவே, செய்யத் தக்கவை சில. எம்.ஏ. மாணவர் ஒவ்வொருவரும் குறைந்தது ஒரு பருவமாவது ஓர் ஊரிலோ தெருவிலோ விசாரணை செய்தாக வேண்டும் என்று விதி ஏற்படட்டும். ஒவ்வொரு கலாசாலையும் தன்னைச் சுற்றியுள்ள சில ஊர்களைத் தேர்ந்து, பத்து வருஷத்துக்கு ஒரு முறை மறுபடி ஆராயட்டும். தனி மனிதர் பெயர்களை மறைத்து, கண்ட முடிவுகளைத் தமிழில் எழுதி, அவ்வூர்ச் சபையிலேயே படித்துக் காட்டட்டும். தவறாக எழுதியிருந்தால் ஊரார் முகத்துக்கு நேரே சொல்வார்கள். அதைவிடச் சிறந்த பரீட்சகர் யார்?

உத்தியோகம் கிடைக்குமா என்று கேட்கும் பெற்றோருக்கும் விடை இதிலேயே இருக்கிறது. கேட்கவும், எண்ணவும், சந்தேகிக்கவும், கண்டதைக் கண்டபடி எழுதவும் தெரிந்தவருக்கு ஆஸ்பத்திரியிலும், நகரசபையிலும், பத்திரிகையிலும், அரசாங்கத் திட்டங்களிலும் வேலை உண்டு. அது தெரியாமல் பட்டம் மட்டும் பெற்றவரே திண்டாடுவார்.

பொதுவேலையில் ஈடுபட்ட அன்பர்கள் 'ஜனங்கள் விரும்புகிறார்கள்', 'ஜனங்கள் ஒப்பமாட்டார்கள்' என்று நாள்தோறும் பேசுகிறோம். எந்த ஜனங்கள், எந்தத் தெருவில், எதனால் என்று கேட்கப் பழகிய ஆயிரம் வாலிபரும் யுவதிகளும் நம் கலாசாலைகளிலிருந்து வெளிவந்தால், நம் பேச்சு குறைந்தாலும் குறையும். நாம் செய்யும் வேலை மட்டும் நிச்சயம் திருந்தும்.