மூச்சை அடக்காதே!

கோடை விடுமுறையில் தோட்டத்துக் கிணற்றில் குதித்து நீந்தியவரா நீங்கள்? அடி மண்ணை எடுத்து வருவதாகப் பந்தயம் கட்டி மூழ்கியிருப்பீர்கள். இரண்டு ஆள் ஆழம் போனதும் காதுகள் வலிக்கத் தொடங்கும். மேலே வந்ததும் வலி நீங்கிவிடும். அது நீரின் அழுத்தம் செய்த வேலை.

கிணற்று மேட்டில் வைத்த மோட்டார் 10 மீட்டருக்குக் கீழே உள்ள நீரை உறிஞ்ச இயலாது என்பதைக் கொங்கு நாட்டு உழவர்கள் நன்கு அறிவர். நடைமுறையில் 7 அல்லது 8 மீட்டரே எல்லை. ஆகவே நீர்மட்டம் இறங்க இறங்க, மோட்டாரையும் கிணற்றுக்குள் இறக்கி வைத்தனர். நம் தலைக்கு மேலுள்ள காற்று மண்டலம் முழுவதும் தரும் அழுத்தமும், சுமார் 10 மீட்டர் உயர நீர் தரும் அழுத்தமும் சமம் என்பதே இதற்குக் காரணம். இந்தப் பத்து மீட்டர் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு இப்போது கடலுக்குள் இறங்குவோம்.

பவளத் திட்டிலே

அந்தமானில் ஹேவ்லாக் என வழங்கிவந்த தீவுக்கு 2018 டிசம்பரில் சுவராஜ் தீவு எனப் பெயர் சூட்டப்பட்டது. அதன் கரையை அடுத்து, 'நீமோ ரீஃப்' என்னும் பவளத் திட்டு நீருக்கடியில் இருக்கிறது. கடல் சாமந்தியின் கொட்டும் விரல்களுக்கிடையே அஞ்சாமல் குடியிருக்கும் கோமாளி மீன்களை இங்கே காணலாம். முதன்முறையாக மூழ்குவோர் பலர் இங்கேதான் பழகுகின்றனர்.

பவளத் திட்டு ஏன் ஆழமில்லாத இடத்தில் செழிக்கிறது? பவள உயிரியின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் வாழ்கின்றன. அவை சூரிய ஒளியைக் கொண்டு உணவு ஆக்கி, பவளத்திற்கும் ஊட்டுகின்றன. ஒளி குன்றாத ஆழமே அவற்றுக்கு ஏற்றது. புதியவர்களுக்கு ஏற்ற ஆழமும் அதுவேயாக அமைந்தது நமது நற்பேறு.

முதுகில் ஒரு காற்றுச் சேமிப்பு

பிரான்சு நாட்டில் 1943-ஆம் ஆண்டு ஜாக் குஸ்தோவும் எமில் கன்யான் என்ற பொறியாளரும் உருவாக்கிய கருவியே இன்றைய ஸ்கூபாவுக்கு முன்னோடி. முதுகில் கட்டும் உருளையில் இருப்பது ஆக்சிஜன் என்று பலரும் எண்ணுகின்றனர். பொதுவாக அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் காற்றுதான். 11 லிட்டர் உருளையில் 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்தால் சுமார் 2,200 லிட்டர் காற்று கொள்ளும்.

இதை அப்படியே வாயில் வைக்க முடியுமா? முடியாது. இடையிலுள்ள ஒழுங்குபடுத்தி, சுற்றியுள்ள நீரின் அழுத்தம் எவ்வளவோ அவ்வளவாகக் காற்றின் அழுத்தத்தைக் குறைத்துத் தருகிறது. 10 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் 2 வளிமண்டலம். ஆகவே அங்கே இழுக்கும் காற்றும் இருமடங்கு அழுத்தமுடையது.

முத்துக்குளிப்பவரும் ஸ்கூபாக்காரரும்

தூத்துக்குடியில் முத்துக்குளித்தவர்கள் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கினர். ஸ்கூபாவில் இறங்குவோருக்கோ முதல் விதி, 'ஒருபோதும் மூச்சை அடக்காதே' என்பது. ஏன் இந்த முரண்பாடு?

பாயில் விதியை நினைவுகூருங்கள். வெப்பநிலை மாறாதபோது அழுத்தம் இருமடங்கானால் வாயுவின் பருமன் பாதியாகும். முத்துக்குளிப்பவர் மேலே 6 லிட்டர் காற்றை இழுத்துக்கொண்டு இறங்குகிறார். 10 மீட்டரில் அது 3 லிட்டராகச் சுருங்குகிறது. மேலே வரும்போது மீண்டும் 6 லிட்டர் ஆகிறது. நுரையீரலுக்குத் தீங்கில்லை.

ஸ்கூபாக்காரர் அதே 10 மீட்டரில் கருவியிலிருந்து 6 லிட்டர் இழுக்கிறார். மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் அந்தக் காற்று 12 லிட்டராக விரிய முயலும். நுரையீரலில் அதற்கு இடம் ஏது? மென்மையான காற்றறைகள் கிழிந்து, காற்றுக் குமிழ்கள் இரத்தத்தில் கலந்து மூளைவரை செல்லக்கூடும். உயிருக்கே ஆபத்து.

ஆழம் குறைவு, ஆபத்தும் குறைவா?

30 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு ஏறினால் காற்றின் பருமன் ஏறத்தாழ 1.3 மடங்காகிறது. 20-லிருந்து 10-க்கு ஏறினால் ஒன்றரை மடங்கு. 10-லிருந்து நீர்ப்பரப்புக்கு வந்தால் இரண்டு மடங்கு! மாற்றம் மிகுதியாக இருப்பது கடைசிப் பத்து மீட்டரில்தான். நிறைந்த நுரையீரலோடு ஓரிரு மீட்டர் ஏறுவதே கேடு விளைக்கும்.

முகக்கண்ணாடிக்குள் சிறிது நீர் புகுந்ததும் புதியவர் திடுக்கிட்டு, மூச்சை நிறுத்தி, மேலே பாயத் துடிப்பார். தரையில் உதவும் இயல்பூக்கம் நீருக்கடியில் எதிரியாகிறது. ஆகவேதான் இடுப்பளவு நீரிலேயே கண்ணாடிக்குள் புகுந்த நீரை வெளியேற்றப் பழக்குகிறார்கள். இறங்கும்போது மூக்கைப் பிடித்து மெல்ல ஊதினால் காதுவலி வராது. முதன்முறை மூழ்குவோரைப் பயிற்றுநர் 12 மீட்டருக்குக் கீழே அழைத்துச் செல்வதில்லை. மேலே வரும்போது, நாம் விடும் சிறு குமிழ்களை முந்தாமல், தொடர்ந்து மூச்சு விட்டபடி வரவேண்டும்.

இன்னொரு விதியும் உண்டு: பவளத்தைத் தொடாதே. 2010-இல் கடல்நீர் வெப்பம் மிகுந்தபோது அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. மீண்டு வளரும் உயிர்களை நம் கால்பட்டு முறிக்கலாமா?

மாணவர்களே, ஒரு கணக்கு. நிமிடத்திற்கு 20 லிட்டர் காற்றைச் சுவாசிப்பவருக்கு மேற்சொன்ன உருளை நீர்ப்பரப்பில் 110 நிமிடம் வரும். 10 மீட்டரில் 55 நிமிடமே வரும். 20 மீட்டரில் எத்தனை நிமிடம்? விடை கண்டபின், அதில் எவ்வளவு மிச்சம் வைத்துக்கொண்டு மேலே ஏறத் தொடங்குவீர்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.