கல்லுப்பட்டியிலிருந்து ஏ.ஏ. கூட்டத்துக்கு வழி

மதுரை மாவட்டம் டி. கல்லுப்பட்டியில் குடியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பேச்சு டாஸ்மாக் மதுக்கடையை மூடுவதில்தான் போய் நிற்கும். 1940-ல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமம் உள்ள ஊர் இது, காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்த ஊர். மதுவிலக்குக் குரல் இங்கே எழுவதில் வியப்பில்லை. ஆனால் கடை திறந்துதான் இருக்கிறது. இன்று சாயங்காலம் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று நினைப்பவர் எங்கே போவது?

குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசும் அமைப்பு ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’. சுருக்கமாக ஏ.ஏ. 1935-ல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், குடியால் நொந்துபோன ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவைச் சிகிச்சை மருத்துவரும் சந்தித்துப் பேசியதில் பிறந்தது; இந்தியாவுக்கு 1957-ல் வந்தது. மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்பதில் இந்த அமைப்புக்குக் கருத்தே கிடையாது. டாஸ்மாக்கைத் திட்டுவதற்காகப் போகிறவருக்கு ஏமாற்றம்தான்.

கூட்டம் ஒன்று, ஒன்றரை மணி நேரம் நடக்கும். மேடை, மாலை எதுவும் இல்லை. ஒருவர் தன் பெயரை மட்டும் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்று தொடங்கி, தான் எப்படிக் குடித்தார், எப்படி நிறுத்தினார் என்று சொல்வார். இடையில் யாரும் குறுக்கிட மாட்டார்கள், புத்தி சொல்ல மாட்டார்கள். பேச விருப்பமில்லையா, கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். கட்டணம் கிடையாது, வெளியார் நன்கொடையும் வாங்குவதில்லை. வாடகைக்கும் டீக்கும் உறுப்பினர்களே ஆளுக்குக் கொஞ்சம் போடுகிறார்கள். குடியை நிறுத்தும் ஆசை ஒன்றுதான் தகுதி.

கூட்டங்கள் பெரும்பாலும் பள்ளி வகுப்பறை, சர்ச் மண்டபம் போன்ற இரவல் இடங்களில் நடப்பதால் இடமும் நேரமும் மாறிவிடும். விசாரிக்காமல் மதுரைக்கு பஸ் ஏற வேண்டாம். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446-ல் கேட்கலாம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ, எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை போன்ற இடங்களிலோ உள்ள ஆலோசகர்களிடம் விசாரிக்கலாம். ‘திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா’ என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தாரும் வரலாம்.

மதுரை இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர். அலைச்சல்தான். ஆனால் அந்தத் தூரமே ஒரு மறைப்பு என்பேன். உள்ளூரில் ஒருவர் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தார் என்பது டீ ஆறுவதற்குள் தெருமுனைக்குத் தெரிந்துவிடும். மதுரையில் உங்களை யார் கவனிக்கப் போகிறார்கள்? பெரும்பாலான கூட்டங்கள் சாயங்காலம் என்பதால், திரும்பி வரும் பஸ்ஸை மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. கை நடுக்கத்தில் தொடங்கி, முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் வலிப்பு, மனக்குழப்பம், இல்லாததெல்லாம் கண்ணில் தெரிவது வரை போகும். உயிருக்கே உலை வைக்கும். ஆகவே முதலில் டாக்டர், பிறகு கூட்டம். திருமங்கலம் அரசு மருத்துவமனை மதுரையைவிடப் பக்கத்தில் இருக்கிறது.

கூடிப் பேசினால் குடி நிற்குமா என்ற சந்தேகம் நியாயமானது. 27 ஆய்வுகளை அலசிய காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2020-ஆம் ஆண்டு மதிப்பாய்வு, ஏ.ஏ.வில் ஈடுபடுத்தும் முறையான சிகிச்சை, குடியை அறவே விட்டிருக்க வைப்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேலானது என்று கண்டது. எல்லோருக்கும் பலிக்கும் என்று அது சொல்லவில்லை.

குடிக்கும் கணவர் வரமாட்டேன் என்று அடம்பிடித்தால் மனைவி காத்திருக்க வேண்டியதில்லை. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே 1951-ல் தொடங்கிய ‘அல்-அனான்’ இருக்கிறது. அதற்கு அவருடைய சம்மதம் தேவையில்லை.

கல்லுப்பட்டியிலேயே ஒரு கூட்டம் நடத்த முடியாதா? முடியும். குடியை நிறுத்துவதற்காக இரண்டு மூன்று குடிநோயாளிகள் கூடினாலே அதை ஒரு குழு என்று ஏற்பது ஏ.ஏ.வின் மரபு. மதுரைக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒருவருக்கு இந்தப் பக்கத்து ஆள் இன்னொருவர் அங்கே கண்ணில் பட்டால் போதும். வாரம் ஒரு நாள், ஓர் அறை கேட்க வேண்டியதுதான் பாக்கி.