எவர்சில்வர் கத்திக்கும் துரு ஏறும்

ஒட்டுக் கட்டவும், காய் கனி அறுக்கவும் பளபளப்பான எவர்சில்வர் கத்தியை விவசாயிகள் பலர் விரும்பி வாங்குகின்றனர். சில மாதங்களில் அலகில் செம்புள்ளிகள் தோன்றினால் போலிச் சரக்கு என்று எறிந்துவிடுவோரும் உண்டு. பெரும்பாலும் குறை கத்தியில் இல்லை. பாத்திரத்திற்கு உரிய எஃகு வேறு, கத்திக்கு உரிய எஃகு வேறு. இதை அறிந்து கையாண்டால் போட்ட பணம் வீணாகாது.

இரு வகைத் தகடுகள்

இரும்புடன் குரோமியம் சுமார் 11 சதவீதத்திற்கு மேல் சேர்ந்தால், மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் உண்டாகிறது. துருவைத் தடுப்பது இதுவே. நல்ல பாத்திரத் தகட்டில் குரோமியம் 18 சதவீதமும் நிக்கல் 8 சதவீதமும் இருக்கும். அது துருவை நன்கு தாங்கும். ஆனால் எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கடினம் ஏறாது, கூர் நிற்காது.

கத்தித் தகட்டில் குரோமியம் 12 முதல் 14 சதவீதமே. நிக்கல் அநேகமாக இல்லை, கார்பன் கூடுதல். காய்ச்சித் தோய்த்தால் கடினமாகும் இதற்கு மார்ட்டென்சைட் வகை எஃகு என்று பெயர். இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் 1913ஆம் ஆண்டு ஹாரி பிரியர்லி உருவாக்கிய எஃகு இவ்வகையைச் சேர்ந்தது. கார்பன் குறைந்த 410 ரகம் நீர்மூழ்கிப் பம்புகளின் சுழல்தண்டுக்கும், கார்பன் மிகுந்த 420 ரகம் கத்திகளுக்கும் பயன்படுகின்றன. மோட்டார் சைக்கிளின் டிஸ்க் பிரேக் வட்டும் இவ்வகைத் தகடே.

பதம் ஏற்றும் முறை

தகடு ஆலையிலிருந்து மென்மையாகவே வரும். வெட்டி வடிவம் கொடுத்த பின், சுமார் 1000 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேற்றி, எண்ணெயிலோ காற்றிலோ விரைவாகக் குளிர்விப்பர். பிறகு 200 டிகிரி அளவில் மறுபடி சூடாக்கி நொறுங்கும் தன்மையைக் குறைப்பர். லாரி ஸ்பிரிங் பட்டைக்குப் பழகிய உலைப் பதம் இதற்குப் பொருந்தாது. உடைந்த அலகை வெல்டிங் செய்தால் ஒட்டின் அருகே விரிசல் காணும்.

வாங்கும்போது

காந்தத்தை அலகில் வைத்துப் பார்க்கவும். ஒட்டாவிட்டால் அது பாத்திர வகை, கத்திக்கு ஏற்றதல்ல. ஒட்டினால் மட்டும் போதாது. இன்று புழங்கும் ஒரு ரூபாய் நாணயமும் துருவேறா எஃகுதான், காந்தத்திலும் ஒட்டும். ஆனால் தோய்த்தால் கடினமாகாது. கடைக்காரர் அனுமதித்தால், அலகின் முதுகுப் பக்கம் சிறு அரத்தால் ஒருமுறை தேய்த்துப் பார்க்கலாம். அரம் வழுக்கினால் பதம் ஏறியுள்ளது. எளிதில் ராவினால் மென்மையானது.

பராமரிப்பு

இவ்வகை எஃகிற்கு முதல் பகை உப்பு. பொட்டாஷ் உரமும் உப்பைப் போன்ற ஒரு குளோரைடே. உரம் அள்ளிய கையோடு கத்தியைத் தொட்டு அப்படியே வைத்தால் புள்ளித் துரு விழும். பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறப்போடுவதும் கூடாது. நோய் பரவாமலிருக்க அலகைத் தூய்மை செய்ய ஸ்பிரிட் நனைத்த துணி ஏற்றது.

வாழை, மா இவற்றின் பால் அலகில் காயவிடக் கூடாது. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, துளி எண்ணெய் தடவி வைப்பது நலம். ஈரமான தோல் உறையில் செருகி வைக்கக் கூடாது.

சாணை பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் நனைக்க வேண்டும். அலகில் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது என்று பொருள்; துருவைத் தாங்கும் சக்தியும் குறையும். கையால் நீர்க்கல்லில் தீட்டுவதே சிறந்தது.

எதற்கு எது?

கதிர் அறுக்கவும் விறகு வெட்டவும் உள்ளூர்க் கொல்லர் அடித்த அரிவாளே போதும். மழுங்கினால் அவரே பதம் ஏற்றித் தருவார். ஆனால் மா, வாழை போன்றவற்றின் துவர்ப்புச் சாறு சாதா இரும்பில் பட்டால் வெட்டுமுகம் கறுக்கும். ஒட்டுக் கட்டுவதற்கும் காய் கனி நறுக்குவதற்கும் கூடுதல் விலை கொடுத்துத் துருவேறாக் கத்தி வாங்குவது தகும். உரக் கரைசல் வைக்கப் பிளாஸ்டிக் வாளியே போதும்.