கார்டிசாலைத் தடுக்கும் மாத்திரை: சின்னம்மாவுக்கு ஏன் ஆகாது?

போன மாசம் சின்னமனூர்ல இருந்து சின்னம்மா மகன் வாட்ஸப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தான். ரெலகோரிலன்ட் என்று ஒரு மருந்து இருக்கிறது, கார்டிசாலைத் தடுக்குமாம். "அண்ணே, இது அம்மாவுக்கு ஆகுமா?"

சின்னம்மா திராட்சைத் தோட்ட வேலைக்குப் போகிறவர். மூட்டுவலிக்கு ஒரு கடையில் சீட்டு இல்லாமல் கொடுத்த சின்ன மாத்திரையை ஒன்றரை வருசமாகப் போட்டிருக்கிறார். வலி பறந்துபோச்சு. ஆனால் முகம் உப்பி வட்டமானது, வயிறு பெருத்து கை கால் மெலிந்தது, சர்க்கரை ஏறியது, லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போனது. அட்டையை வாங்கிப் பார்த்தால் டெக்சாமெத்தசோன். ஸ்டீராய்டு.

தம்பிக்குப் பதில் சொல்வதற்காகப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை.

கார்டிசால், சிறுநீரகங்களின் மேல் தொப்பி மாதிரி இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் சுரப்பது. சர்க்கரை, ரத்த அழுத்தம், எதிர்ப்புச் சக்தி எல்லாவற்றிலும் அதற்குப் பங்குண்டு. செல்லுக்குள் இருக்கும் ஏற்பியில் போய் ஒட்டினால்தான் அது வேலை செய்யும். பிட்யூட்டரியிலோ அட்ரீனலிலோ கட்டி வந்து இது அளவுமீறிச் சுரந்தால் குஷிங் சிண்ட்ரோம் வரும். ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1932-ல் விரிவாக எழுதியதால் அந்தப் பெயர்.

கட்டியை அறுத்து எடுப்பதுதான் முதல் சிகிச்சை. அதற்கு வழியில்லாதவர்களுக்கு மருந்து இரண்டு வகை. எங்க தொழில் பாஷையில் சொன்னா, மெசேஜ் அனுப்புகிற சர்வரை அடக்குவது ஒன்று. கீட்டோகொனசோல், மெடிராபோன் அப்படித்தான் சுரப்பைக் குறைக்கின்றன. வாங்குகிற பக்கம் காதைப் பொத்திவிடுவது இன்னொன்று, அதாவது ஏற்பியை அடைப்பது.

அப்படி அடைக்கிற மருந்துதான் மிஃபெப்ரிஸ்டோன். நம்ம ஊரில் கருக்கலைப்பு மாத்திரையாகத்தான் தெரியும். குஷிங் நோயாளிகளின் சர்க்கரையைக் கட்டுப்படுத்த 2012-ல் அமெரிக்கா இதை அனுமதித்தது. சிக்கல் என்னன்னா, இது புரோஜெஸ்டிரோன் ஏற்பியையும் சேர்த்து அடைக்கும். பெண்களுக்குக் கருப்பையின் உள்சவ்வு தடிக்கும், ரத்தப்போக்கு வரலாம். பொட்டாசியமும் இறங்கலாம். ரெலகோரிலன்ட் புரோஜெஸ்டிரோன் ஏற்பியைத் தொடுவதில்லை. கார்டிசாலின் ஏற்பியை மட்டும் குறிவைக்கிறது. அதுதான் இதன் புதுமை.

புற்றுநோய்க்கு இங்கே என்ன வேலை? கீமோ மருந்து புற்றுச்செல்லைச் சாகச் சொல்லும்போது, கார்டிசால் அதைச் சாகவிடாமல் காப்பாற்றலாம். அந்தக் காவலை எடுப்பதுதான் யோசனை. பிளாட்டினம் மருந்துக்கு அடங்காத சினைப்பைப் புற்றுநோய் உள்ள 381 பெண்களிடம் நடந்த ரோசெல்லா ஆய்வு 2025-ல் லான்செட் இதழில் வந்தது. கீமோ மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 11.5 மாதம், ரெலகோரிலன்டும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 16 மாதம். இடைக்காலக் கணக்குதான், ஆனாலும் நாலரை மாதம் சின்ன விஷயமில்லை. குஷிங் பக்கம் அவ்வளவு சுலபமாகப் போகவில்லை. 2025 டிசம்பர் 31 அன்று, பலனுக்கு இன்னும் ஆதாரம் வேண்டும் என்று அமெரிக்க மருந்துத் துறை திருப்பி அனுப்பிவிட்டது.

இப்போ சின்னம்மாவுக்கு வருவோம். முகம், வயிறு, சர்க்கரை எல்லாம் குஷிங் மாதிரியேதான். உண்மையில் குஷிங் அறிகுறிகளுக்கு மிகப் பெரும் காரணம் கட்டி இல்லை, வெளியிலிருந்து போகும் ஸ்டீராய்டுதான். ஆனால் உள்ளே நிலைமை தலைகீழ். மாத்திரை தினமும் வருவதால் பிட்யூட்டரி "போதும்" என்று நிறுத்திவிடும், அட்ரீனல் தூங்கிப்போகும். சொந்தக் கார்டிசால் அநேகமாக இருக்காது. அந்த உடம்பில் ஏற்பியையும் அடைத்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினாலும் அதே ஆபத்துதான்.

"விஷத்தை எதுக்குப்பா இன்னும் முழுங்கணும், தூக்கி எறிஞ்சுடட்டா?" என்று சின்னம்மா கேட்டபோது நான் பயந்தது அதனால்தான். அட்டையோடு கானாவிலக்கு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். இப்போது மருத்துவர் சொன்னபடி டோஸ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. தூங்கிய சுரப்பி விழிக்க மாதக்கணக்காகும்.

தம்பிக்கு நான் அனுப்பிய பதில் இதுதான்: "புது மருந்து வேண்டாம்டா. பழசை மெதுவா இறக்கணும், அவ்வளவுதான்."

உங்க வீட்டிலும் வலிக்கு என்று பெயர் தெரியாத சின்ன மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால், இன்னைக்கே அட்டையைத் திருப்பிப் பெயரைப் படிங்க. ஸ்டீராய்டாக இருந்தால் நீங்களாக நிறுத்தாதீங்க. அட்டையோடு மருத்துவரிடம் போங்க.