பாஸ் மீனே இல்லாத ஊரில் பாஸ் ராடு எதற்கு? தங்கவயல் ஏரிகளில் விராலுக்கு ஏற்ற தூண்டிலும் லூரும்

மாரிக்குப்பத்தில் காலை ரயில் ஏறி பெங்களூரில் வேலைக்குப் போய், இரவு திரும்பும் கோலார் தங்கவயல் இளைஞர்கள் ஏராளம். நடுவில் கிடைக்கும் மணி நேரங்களில் போனில் ஓடும் வீடியோக்களில் இப்போது ஒரு புது வகை சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவிலோ ஜப்பானிலோ ஒருவர் ஏரிக்கரையில் நின்று ரப்பர் தவளையை வீசுவார், தண்ணீர் வெடிக்கும், ஒரு 'பாஸ்' மீன் மேலே வரும். பார்த்தவுடன் கை பரபரக்கும். ஆன்லைனில் 'பாஸ் ராடு' என்று தேடினால் நூற்றுக்கணக்கில் வந்து விழும்.

ஆனால், அந்த மீன் நம்ம ஏரியில் இருக்கா? இல்லையென்றால் அந்த ராடு இங்கே எதற்கு உதவும்? பிடித்த மீனைச் சாப்பிடலாமா? யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? பணத்தைச் செலவழிப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

பாஸ் என்பது என்ன மீன்?

வீடியோக்களில் பெரும்பாலும் வருவது 'லார்ஜ்மௌத் பாஸ்', அதாவது பெரிய வாய் கொண்ட பாஸ். வட அமெரிக்காவின் நன்னீர் மீன். செடி, மரக்கட்டை, தாமரை இலை ஆகியவற்றின் நிழலில் பதுங்கியிருந்து, அருகே வரும் தவளையையோ சிறு மீனையோ பாய்ந்து பிடிக்கும். அதனால்தான் உயிருள்ள இரை இல்லாமல், இரையைப் போலவே அசையும் செயற்கை 'லூர்' போட்டு அதை ஏமாற்ற முடிகிறது.

கோலார் மாவட்ட ஏரிகளில் நீங்கள் பார்க்கக்கூடியது கட்லா, ரோகு, கெண்டை, ஜிலேபி, கெளுத்தி, விரால். பாஸ் இந்தப் பட்டியலில் இல்லை. 'கொண்டு வந்து விட்டால் என்ன' என்று கேட்பவர்களுக்கு ஜப்பான் ஒரு பாடம். 1925-ல் அங்கே கொண்டு வந்து விடப்பட்ட இந்த மீன், நாடு முழுக்கப் பரவி உள்ளூர் மீன்களைத் தின்று தீர்த்தது. 2005-ல் ஆக்கிரமிப்பு உயிரினங்கள் சட்டத்தின் கீழ் அதைத் தடை செய்ய வேண்டியதாயிற்று.

அப்போ நம்ம ஊர் 'பாஸ்' எது?

சந்தேகமே வேண்டாம், விரால். தங்கவயலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஆந்திர எல்லையைத் தாண்டினால் இதே மீன் 'கொரமீனு'. தெலங்கானா இதைத் தன் மாநில மீனாகவே அறிவித்திருக்கிறது.

விராலும் பதுங்கிப் பாயும் மீன்தான். தாமரை, ஆகாயத்தாமரை, கோரைப்புல் அடர்ந்த ஓரங்கள்தான் அதன் வீடு. தவளை என்றால் உயிர். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2002-ல் அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில், கிராஃப்டன் என்ற ஊரின் குளத்தில் விரால் இனத்தைச் சேர்ந்த ஆசிய மீன் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு பெரிய செய்தியானது. இன்று அதே வட்டாரத்தில் பாஸ் பிடிப்பவர்கள், அதே ராடையும் அதே தவளை லூரையும் வைத்து அந்த விராலைப் பிடிக்கிறார்கள். ஆக, பாஸுக்காகச் செய்த கருவி விராலுக்கும் பொருந்தும். ஆனால் எல்லாக் கருவியும் அல்ல.

வித்தியாசம் மூன்று இடத்தில். விராலின் வாய் எலும்பு கெட்டியானது, முள் எளிதில் ஏறாது. அதற்குக் கூர்மையான பற்கள் உண்டு. மாட்டிக்கொண்டதும் நேராகச் செடிக்குள் புகுந்துவிடும். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால் ராடு தேர்வு தானாகவே எளிதாகிவிடும்.

ராடில் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது?

ராடின் கைப்பிடிக்கு மேலே சின்ன எழுத்தில் நான்கு விவரம் இருக்கும்: நீளம், பவர், லைன் தாங்கும் அளவு, லூர் எடை. விலையைப் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

*நீளம்:* 6 அடி 6 அங்குலம் (சுமார் 198 செ.மீ.) முதல் 7 அடி வரை போதும். இதைவிட நீளமானால் தூரம் போகும், ஆனால் கருவேல மரம் கவிந்த ஏரிக்கரையில் வீச இடம் இருக்காது. ரயிலிலோ பைக்கிலோ எடுத்துப் போவதென்றால் இரண்டு துண்டாகக் கழற்றும் ராடு நல்லது. குடை மாதிரி உள்ளுக்குள் மடங்கும் ராடு வசதிதான். ஆனால் அதே விலையில் கிடைக்கும் இரண்டு துண்டு ராடு அளவுக்குச் செடிக்குள்ளிருந்து மீனை இழுக்கும் உறுதி அதில் பொதுவாக இருக்காது.

*பவர்:* ராடை வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பதற்கான அளவு. லைட், மீடியம், மீடியம் ஹெவி, ஹெவி என்று ஏறிக்கொண்டே போகும். விராலுக்கு மீடியம் ஹெவி. ஜிலேபிக்கும் சின்ன கெண்டைக்கும் லைட் அல்லது மீடியம். 'எல்லாத்துக்கும் ஒரே ராடு' என்று கடைக்காரர் மீடியம் ராடைக் கொடுத்தால், திறந்த தண்ணீரில் சமாளிக்கலாம், தாமரைக்குள் திண்டாடுவீர்கள்.

*ஆக்‌ஷன்:* ராடு எந்த இடத்தில் வளைகிறது என்பது. நுனி மட்டும் வளைந்தால் 'ஃபாஸ்ட்'. நீங்கள் சுண்டும் வேகம் உடனே முள்ளுக்குப் போய்ச் சேரும். விராலின் கெட்டி வாய்க்கு இதுதான் தேவை. பாதி ராடும் வளைந்தால் 'மாடரேட்'. மென்மையான வாய் கொண்ட மீன்களுக்கு அது சரி.

*லூர் எடை:* '7–21 கிராம்' என்று இருந்தால், அதற்குள் இருக்கும் லூரைத்தான் அந்த ராடு நன்றாக வீசும். வெளிநாட்டு ராடுகளில் அவுன்ஸ் கணக்கு இருக்கும். கால் அவுன்ஸ் சுமார் 7 கிராம், அரை அவுன்ஸ் சுமார் 14 கிராம். விரால் தவளைகள் பெரும்பாலும் 8 முதல் 20 கிராமுக்குள் வரும். ராடு 3–10 கிராமுக்கானது என்றால், 15 கிராம் தவளையை முழு வேகத்தில் வீசும்போது நுனி முறிய வாய்ப்பு உண்டு.

ஒரு எச்சரிக்கை: கார்பன் ராடு மின்சாரம் கடத்தும். ஏரிக்கரையில் மின்கம்பி போகும் இடத்திலும், இடி மின்னல் நேரத்திலும் அதைத் தூக்கிப் பிடித்து நிற்காதீர்கள். இது உயிர்ப் பிரச்சினை.

ரீலும் நூலும்?

முதல் முறை வாங்குபவர்களுக்கு 'ஸ்பின்னிங்' ரீல் போதும், 3000 அல்லது 4000 அளவு. வீடியோவில் வரும் 'பெய்ட்காஸ்டர்' ரீல் ராடின் மேல்பக்கம் உட்காரும். பலமானதுதான், ஆனால் கட்டை விரலில் கட்டுப்பாடு பழகும் வரை நூல் குருவிக்கூடு மாதிரி சிக்கும். ரீலுக்கு ஏற்ற ராடு வேறு வேறு என்பதையும் மறக்க வேண்டாம்.

பட்ஜெட் இடித்தால் ரீலில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், நூலில் குறைக்காதீர்கள். செடிக்குள் பிடிப்பதற்கு 30 முதல் 50 பவுண்ட் பின்னல் நூல், அதாவது 'பிரெய்ட்', வேண்டும். 30 பவுண்ட் என்றால் சுமார் 13.6 கிலோ இழுவையைத் தாங்கும். ஒரு கிலோ மீனுக்கு எதற்கு இவ்வளவு? மீனின் எடைக்காக அல்ல, அதைச் சுற்றி வரும் தாமரைக் கொடியின் எடைக்காக. பிரெய்ட் நீளாது, தண்டை அறுத்துக்கொண்டு வரும். சாதாரண நைலான் நூல் நீளும், சுண்டும் பலத்தில் பாதி அதிலேயே போய்விடும். பிரெய்டில் லூரைக் கட்ட 'பலோமர்' முடிச்சு எளிது, வழுக்காது. இறுக்குவதற்கு முன் நனைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி அரை அடி நூலை விரலால் தடவிப் பார்த்து, பிசிறு இருந்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். விராலின் பல் செய்யும் வேலை அது.

எந்த லூர், எப்போது?

கடையில் ஐம்பது நிறம் தொங்கும். தொடங்குவதற்கு மூன்று வகை போதும்.

*தவளை:* உள்ளே காற்று அடைத்த ரப்பர் உடல், முதுகோடு ஒட்டிய இரட்டை முள். முள் மேல்நோக்கி இருப்பதால் இலைமேல் தவழும்போது சிக்காது, மீன் கடித்து உடல் அமுங்கும்போதுதான் வெளியே வரும். வாங்கும்போது விரலால் அமுக்கிப் பாருங்கள். அமுங்கவில்லை என்றால் மீனுக்கும் அமுங்காது. மீன் பாய்ந்தவுடன் சுண்டாதீர்கள். ஒன்று, இரண்டு எண்ணி, நூல் இறுகிய பிறகு பலமாகச் சுண்டுங்கள். புதிதாக வருபவர்கள் மீனைத் தவறவிடுவது பெரும்பாலும் இந்த அவசரத்தில்தான்.

*ரப்பர் மீன் அல்லது புழு:* செடிகளுக்கு நடுவே இருக்கும் சின்ன இடைவெளிகளுக்கு. வளைந்த ஒற்றை முள்ளின் கூரை ரப்பருக்குள்ளேயே மறைத்துக் கோத்தால் செடியில் மாட்டாது.

*ஸ்பின்னர்பெய்ட்:* சுழலும் தகடு கொண்டது. மழைக்குப் பின் தண்ணீர் செம்மண் நிறமாக இருக்கும்போது மீன் கண்ணால் பார்ப்பதைவிட அதிர்வால்தான் இரையை உணரும். அப்போது இது கை கொடுக்கும்.

நிறத்துக்கு எளிய கணக்கு: தெளிந்த தண்ணீரில் பச்சை, பழுப்பு போன்ற இயற்கை நிறம். கலங்கிய தண்ணீரிலும் மங்கிய வெளிச்சத்திலும் கறுப்பு. கீழேயிருந்து பார்க்கும் மீனுக்கு அதன் உருவம் தெளிவாகத் தெரியும். மூன்று கொக்கி தொங்கும் லூர்கள் திறந்த தண்ணீருக்கானவை. நம்ம ஏரி ஓரத்தில் முதல் வீச்சிலேயே அதைச் செடிக்குத் தானம் செய்துவிட்டு வருவீர்கள்.

விரால் காற்றையும் சுவாசிக்கும் மீன். அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்துவிட்டுப் போகும். அதிகாலையிலும் மாலையிலும் ஐந்து நிமிடம் வீசாமல் நின்று, வளையம் எழும் இடத்தைப் பாருங்கள். லூர் போக வேண்டிய இடம் அதுதான்.

செய்யக் கூடாதது என்ன?

மழைக்காலத்தில் நீர்ப்பரப்பில் ஆரஞ்சு நிறத்தில் கொதிப்பது போல ஒரு கூட்டம் தெரிந்தால், அது விரால் குஞ்சுகள். கீழே தாயோ தகப்பனோ காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின் நடுவே லூரைப் போட்டால் காவல் மீன் கோபத்தில் கட்டாயம் கடிக்கும். வீடியோவுக்கு அருமையான காட்சி. ஆனால் அந்த ஒரு மீனைத் தூக்கிவிட்டால், காவல் இல்லாத நூற்றுக்கணக்கான குஞ்சுகள் மற்ற மீன்களுக்கும் கொக்குகளுக்கும் இரை. அடுத்த வருடம் நீங்கள் பிடிக்க வேண்டிய விரால் அவைதான். குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் வேறு இடத்துக்கு நகர்ந்துவிடுவதுதான் முறை.

எங்கே, யாரிடம் கேட்க வேண்டும்?

தங்கவயலில் மீன் என்றதும் நினைவுக்கு வருவது பேத்தமங்கலம் ஏரி. பாலாற்றின் குறுக்கே அமைந்த இந்த நீர்நிலைதான் ஆங்கிலேயர் காலத்தில் சுரங்க நகரத்தின் தாகம் தீர்த்தது. 2021 நவம்பர் மழையில் பாலாறு பெருக்கெடுத்தபோது இந்த ஏரி நிரம்பி வழிந்ததைப் பலரும் குடும்பத்தோடு போய்ப் பார்த்தார்கள்.

ஆனால் ஏரி பொது இடம் என்பதால் மீனும் பொது என்று ஆகாது. கர்நாடகத்தில் ஏரிகளின் மீன் உரிமையை மீன்வளத்துறையோ கிராம பஞ்சாயத்தோ குத்தகைக்கு விடுகின்றன. குஞ்சு வாங்கி விட்டவருக்கு கட்லாவும் ரோகுவும் பயிர் மாதிரி. எனவே முதலில் குத்தகைதாரரைப் பார்த்து, 'அண்ணே, தூண்டில் மட்டும்தான், விரால் மட்டும்தான்' என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். குடிநீர் நிலையத்தை ஒட்டிய பகுதிகளுக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கலாம், அதையும் விசாரியுங்கள். காவிரிப் பக்கம் போகலாம் என்று நினைத்தால் இன்னும் கவனம் தேவை. பீமேஸ்வரி பகுதியில் ஒருகாலத்தில் புகழ்பெற்றிருந்த மசீர் தூண்டில் விளையாட்டு, வனவிலங்குச் சரணாலயப் பகுதி என்பதால் நிறுத்தப்பட்டது. காவிரியின் திமில் மசீர் 2018 முதல் 'மிக அபாய நிலை' பட்டியலில் இருக்கிறது.

பிடித்ததைச் சாப்பிடலாமா?

ராடைவிட முக்கியமான கேள்வி இது. 2018 முதல் கே.சி. வேலி திட்டத்தில், பெங்களூரின் கழிவுநீர் இரண்டாம் நிலை வரை சுத்திகரிக்கப்பட்டு கோலார் மாவட்ட ஏரிகளில் விடப்படுகிறது. நாளுக்கு 44 கோடி லிட்டர், 120-க்கும் மேற்பட்ட ஏரிகள் என்பது திட்டம். நிலத்தடி நீரை உயர்த்துவதுதான் இதன் நோக்கம், குடிப்பதற்கான தண்ணீர் அல்ல இது. மூன்றாம் நிலை சுத்திகரிப்பும் வேண்டும் என்று மாவட்ட விவசாயிகள் தொடர்ந்து கேட்டு வருகிறார்கள்.

தங்கவயலுக்குள் இன்னொரு கதை. 2001-ல் சுரங்கம் மூடப்பட்ட பிறகும், தங்கம் பிரித்தெடுத்து மிஞ்சிய மண் 'சயனைடு மலை'களாக நிற்கிறது. காற்றில் தூசாகவும் மழையில் சேறாகவும் அது கீழே வருகிறது. அந்தச் சரிவுகளை ஒட்டிய குட்டைகளில் தூண்டில் போட்டுப் பழகலாம், மீனை அடுப்புக்குக் கொண்டு போக வேண்டாம். மற்ற மீன்களைத் தின்று வளரும் மீனின் உடலில் தண்ணீரிலுள்ள சில நச்சுகள் கூடுதலாகச் சேரக்கூடும். விரால் அந்த வகை. மற்ற ஏரிகளிலும், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

விட்டுவிடுவதென்றால் முள்ளின் எதிர்க்கூரைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள், கழற்றுவது எளிது. நனைத்த கையால் பிடித்து, ஒரு போட்டோ எடுத்து, தண்ணீருக்குள் வைத்து விடுங்கள். அறுந்த நூலை மட்டும் கரையில் போடாதீர்கள். கொக்கின் காலில் சுற்றினால் அதற்கு அவிழ்க்கத் தெரியாது.

சுருக்கமாக, முதல் செட்

6 அடி 6 அங்குல மீடியம் ஹெவி ஃபாஸ்ட் ராடு, 3000 அல்லது 4000 ஸ்பின்னிங் ரீல், 30 முதல் 50 பவுண்ட் பிரெய்ட், பச்சையில் ஒன்றும் கறுப்பில் ஒன்றுமாக இரண்டு தவளை, ஒரு ஸ்பின்னர்பெய்ட், நீண்ட மூக்குக் குறடு. இதோடு துணைக்கு ஒரு நண்பர். மண் அள்ளிய ஏரிகளில் எங்கே பள்ளம் என்று மேலிருந்து தெரியாது. தனியாகத் தண்ணீரில் இறங்காதீர்கள். லூர் சிக்கினால் போகட்டும், சில நூறு ரூபாய்தான்.