மூடுதல், பிரித்தல், களவு: ஆங்கில மறைவுச் சொற்களின் வேர்ப்பொருளும் தமிழாக்கமும்

ஆங்கிலத்தில் மறைவைக் குறிக்கும் சொற்கள் பல. 'சீக்ரெட்', 'கவர்ட்', 'கிளாண்டஸ்டைன்', 'ஸ்டெல்த்', 'மிஸ்டரி', 'பிரைவசி' என நீளும் இவ்வரிசைக்குத் தமிழில் பெரும்பாலும் 'இரகசியம்', 'மறைவு', 'அந்தரங்கம்' என்னும் சில சொற்களே மாறிமாறி வழங்குகின்றன. ஆயின் அவ்வாங்கிலச் சொற்கள் ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. ஒவ்வொன்றும் மறைத்தலை வெவ்வேறு செயலாகக் காண்கிறது; அச்செயல் யாது என்பதை அதன் வேர்ப்பொருள் உணர்த்துகிறது.

இவற்றுள் மிக விரிந்தது மூடுதலை அடியாகக் கொண்ட கிளை. இந்தோ-ஐரோப்பிய மூலமொழிக்கு அறிஞர் மீட்டுருவாக்கிய 'கெல்' என்னும் வேர் மூடுதல், மறைத்தல் எனப் பொருள்படும். இலத்தீனில் இது 'கேலாரே' என்னும் வினையாகி, ஆங்கிலத்திற்குக் 'கன்சீல்' என்பதைத் தந்தது. சிற்றறையைக் குறிக்கும் 'செல்', நிலவறையைக் குறிக்கும் 'செல்லர்', மறைகலைகளைச் சுட்டும் 'அக்கல்ட்' ஆகியனவும் இவ்வேர்வழிப் பிறந்தனவே. செருமானியக் கிளையில் அதே வேர் தலையை மூடும் 'ஹெல்மெட்' ஆயிற்று. இறந்தோர் மறைந்துறையும் 'ஹெல்' ஆயிற்று. நரகத்தைக் குறிக்கும் இச்சொல் தொடக்கத்தில் உணர்த்தியது மறைவிடத்தையே என்பது ஈண்டு நோக்கத்தக்கது. மறைத்தல் மூடுதலாயின், அறிதல் மூடியதைத் திறத்தலாகும். 'டிஸ்கவர்' என்பது மூடியை நீக்குதல்; 'ரிவீல்' என்பது திரையை விலக்குதல்; துப்பறிதலைக் குறிக்கும் 'டிடெக்ட்' என்பதும் இலத்தீனில் மூடியதை அகற்றுதலே. தமிழின் 'கண்டுபிடித்தல்' இவ்வுருவகத்தை அறியாது. அது காண்டலையும் பற்றுதலையும் இணைத்து வந்த சொல்.

'சீக்ரெட்' மூடுதலினின்று பிறந்ததன்று. இலத்தீன் 'செகெர்னெரே' என்னும் வினைக்குப் பிரித்து ஒதுக்குதல் என்பது பொருள். அதன் உட்கூறாகிய 'கெர்னெரே' சல்லடையால் சலித்தலையும் குறிக்கும். எனவே பலவற்றினின்று சலித்துத் தனியே வைக்கப்பட்டதே 'சீக்ரெட்'. வடமொழி 'இரகசியம்' தனிமையை, தனியிடத்தை உணர்த்தும் 'ரஹஸ்' என்பதன் அடியாகப் பிறந்தமையால், பொருள் நிலையில் இதற்கு மிக அணுக்கமானது. இதே அடியில் தோன்றிய 'செக்ரட்டரி' முதற்கண் பிறர் மறைபொருளைக் காக்கும் நம்பிக்கைக்குரியவரைக் குறித்தது. இன்றைய தமிழ்ச் 'செயலாளர்' செயலை மட்டுமே கொண்டு, காப்பை விட்டுவிட்டது. சோழர் கல்வெட்டுகளில் வரும் 'திருமந்திர ஓலை' என்னும் பதவிப்பெயரில் மந்தணப் பொருளும் எழுத்துப் பணியும் ஒருங்கே நின்றன.

தமிழுக்கு மிகவும் நெருங்கிய ஒப்புமை 'ஸ்டெல்த்' என்பதில் கிடைக்கிறது. 'ஸ்டீல்' என்னும் திருடுதல் வினையினின்று பிறந்த இச்சொல்லுக்கு முதற்பொருள் திருட்டே. பின்னர்ப் பிறர் அறியாமல் செய்யும் எச்செயலுக்கும் அது உரியதாயிற்று. ரேடாருக்குப் புலப்படாமல் நழுவும் போர்வானூர்திக்கு இன்று அச்சொல் வழங்குகிறது. திருட்டு அங்கில்லை, நழுவுதல் மட்டுமே எஞ்சியுள்ளது. தமிழின் 'களவு' திருட்டையும், பிறர் அறியாத காதலொழுக்கத்தையும் ஒருசேரக் குறிப்பது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் களவியல் தனி இயலாகவே அமைந்துள்ளது. இரு மொழிகளுக்கும் இடையே இனவுறவு இல்லை. பிறர் காணாமல் எடுப்பதையும் பிறர் காணாமல் இயங்குவதையும் ஒன்றாகக் கண்ட பட்டறிவே ஒத்த பொருள்வளர்ச்சிக்குக் காரணம் எனலாம். 'மிஸ்டரி' மற்றொரு வழியினது. கிரேக்கத்தில் மூடிக்கொள்ளுதலைக் குறிக்கும் வினையோடு அது தொடர்புடையது. ஏதென்சுக்கு அருகிலுள்ள எலூசிஸ் சடங்குகளில் கண்டதை வெளியே சொல்லுதல் குற்றமாகக் கருதப்பட்டது.

வேர்ப்பொருள் ஆய்வு வெறும் சொல்லாராய்ச்சியாக நின்றுவிடுவதன்று. அமெரிக்கப் படைத்துறை வழக்கில் 'கிளாண்டஸ்டைன்' நடவடிக்கை என்பது நடந்ததே தெரியாதவாறு மறைக்கப்படுவது. 'கவர்ட்' நடவடிக்கை என்பது நடந்தது தெரிந்தாலும் நடத்தியவர் யார் என்பது மறைக்கப்படுவது. இரண்டையும் 'இரகசிய நடவடிக்கை' எனப் பெயர்க்கும் செய்தியில், அரசொன்று எதை மறுக்கிறது என்பதே வாசகருக்கு விளங்காது போகும். முன்னதைக் 'கரந்த நடவடிக்கை' என்றும் பின்னதை 'முகமறைத்த நடவடிக்கை' என்றும் பிரித்து வழங்கலாம்.

சட்டத்துறையில் இக்குழப்பத்தின் விளைவு இன்னும் பெரிது. 'பிரைவசி' இலத்தீன் 'பிரிவாட்டுஸ்' வழி வந்தது. அரசுக்குரியதாகாமல் ஒருவர்க்குத் தனியே உரியது என்பது அதன் பொருள். அதில் மறைத்தல் என்னும் கருத்தே இல்லை. 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு இதனை அடிப்படை உரிமையாக ஏற்றது. அவ்வுரிமையை 'அந்தரங்க உரிமை' என்பார் உளர்; 'தனியுரிமை' என்பாரும் உளர். முன்னையது, உரிமை கோருபவரிடம் மறைக்கத்தக்க ஏதோ ஒன்று உண்டு என்னும் ஐயத்தைச் சொல்லிலேயே ஏற்றிவிடுகிறது. பின்னையதே வேர்ப்பொருளுக்கு இயைந்தது. இதற்கு மறுதலையாக, 1923ஆம் ஆண்டின் அலுவல்சார் இரகசியச் சட்டம் பேசுவது அரசு குடிமக்களிடமிருந்து ஒதுக்கிவைத்த செய்தியைப் பற்றி. அங்கு 'இரகசியம்' என்பதே பொருந்தும் சொல். 2005இல் இயற்றப்பட்ட தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, முரண் நேருமிடத்து அப்பழைய சட்டத்தை விஞ்சி நிற்கிறது. ஆனால் அதே தகவல் சட்டம், பொதுநலத் தொடர்பற்ற தனியார் செய்திகளுக்கு 8ஆம் பிரிவில் விலக்களித்தது.